வாயெரிவு வகைநூல்: தலவாக்கலை இயல்

மாணாக்க, அமர்க. நெருப்பின்றி வாயினுள் எழும் சுடுவுணர்வு வாயெரிவு எனப்படும். அது நால்வகைத்து.

1. உறைப்பெரிவு. கொச்சிக்காயாற் பிறப்பது. ரொட்டியும் கட்டைச்சம்பலும் காலையுணவாகிய மலைநாட்டில் இதுவே தலையாயது. நுனியெரிவு, அடியெரிவு, மறுநாளெரிவு என மூன்றாய் விரியும். மறுநாளெரிவு வாயின் எல்லையைக் கடத்தலின் வேறொரு நூலுக்கு உரியது. கொச்சிக்காயின் உறைப்பியம் (கேப்சைசின் என்பர் பிறர்) 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்புவாயிலையே தட்டும். நாவு வெந்ததென மூளை நம்பும். இவ்வாயிலை 1997இல் கண்டறிந்த தேவிடு சூலியசு 2021இல் நோபல் பரிசு பெற்றார். உறைப்பியம் நீரிற் கரையாது. ஆகவே தண்ணீர்ப் பீலிக்கு ஓடுதல் வீண், பாலே மாற்று.

2. கொதியெரிவு. தேத்தண்ணியாற் பிறப்பது. ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்துத் தலவாக்கலையில் நீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். மலை தந்த இந்நான்கு பாகை நன்மையை நம்மவர் ஆற்றாது குடித்து அழிப்பர். உட்பிரிவு இரண்டு:
(அ) பிரட்டெரிவு: பிரட்டுக்கு (தோட்டத்துக் காலைப் பெயர்ப்பதிவுக்கு) முந்துவோர் ஒரே மடக்கில் அடைவது.
(ஆ) விருந்தெரிவு: அயல்வீட்டில் துப்பவியலாது விழுங்குவோர் அடைவது. கண்ணீர் இதன் அடையாளம். புன்னகை இதன் மறைப்பு.
65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழிவகுக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகுத்தது. தேயிலையை ஆய இவ்வூர்ச் சென் கூம்சு தோட்டத்தில் ஒரு நிலையமே உண்டு; ஆற்றிக் குடிக்கும் திறமோ இன்றும் தாய்மார் கையில்.

3. நீற்றெரிவு. வெற்றிலையிற் சுண்ணாம்பு எனும் நீறு மிகுதலாற் பிறப்பது. கைப்பிழை, விரைவில் ஆறும். இதனோடு மயங்கற்க, இறுகெரிவை. அது பாக்கு மெல்வோர்க்கு உரியது. முன்னர் இனித்த சம்பலும் பொறாது எரியும். கன்னத்து உள்தோல் வெளிறி, நார்பட்டு இறுகும். வாய் நாளடைவிற் சிறுகும். மூவிரலை நெடுக்காக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பார்க்க. நுழையாதாயின் பாக்குப் பையை அன்றே எறிக. புகையிலை சேராவிடினும் பாக்கு புற்று விளைக்கும்.

4. வேரிலியெரிவு. உண்ணாதிருந்தும் எரிவது, காலையில் மெலிந்து, மாலையில் வலுத்து, உண்கையிற் சிலர்க்குத் தணிவது. பூப்பு நின்ற மகளிரிடம் மிகுதி. வேரிலி எனப் பெயர் சூட்டுமுன் இரும்புக்குறை, பி12 குறை, பூஞ்சை, உலர்வாய், பொருந்தாப் பற்செட்டு ஆகிய ஐந்தையும் விலக்குக. உணவோடு பருகும் தேத்தண்ணி உடலில் இரும்பு ஏறுவதைக் குறைக்கும். ஒரு மணி இடைவெளி விடுக.

இரண்டு கிழமை கடந்தும் எரிவு நீங்காதோன் இந்நூலை மூடிவைத்துப் பல் மருத்துவரிடம் செல்க. சென்றபின் எரிவின் வகையை அவர்க்கு விளக்கற்க. வாயைத் திறந்து காட்டுக.