இரண்டு பகடை, மூன்று ஷிஃப்ட், ஓர் அத்தை: மூக்கண்டப்பள்ளியில் பதின்வயது சூப்பர்ஹீரோ ஆட்டம் நடத்துவது குறித்த ஆய்வு

ஓசூர் என்றால் ரோஜா என்பார்கள், மொபெட் என்பார்கள், கைக்கடிகாரம் என்பார்கள். சிப்காட் முதல் கட்டத்தை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி என்றால் வாடகை வீடு என்பார்கள். அந்த வாடகை வீடுகளில் ஒன்றின் மொட்டை மாடியில் ஐந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து, இரண்டு பகடைகளை உருட்டியபடி, தாங்கள் பதினைந்து வயது சூப்பர்ஹீரோக்கள் என்று நான்கு மணி நேரம் நம்பினால் என்ன ஆகும் என்பதை அறிவுலகம் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை முனைகிறது. அப்படி ஓர் ஆட்டம் அங்கே நடந்தது என்று கட்டுரை சொல்லவில்லை. நடத்தினால் எங்கெங்கே இடிக்கும் என்பதே ஆய்வுப் பொருள்.

ஆட்டத்தின் இலக்கணம் எளிது. ஒருவர் கதையை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘நான் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதிக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், உடைந்தது வில்லனா கால் எலும்பா என்பதைப் பகடை சொல்லும். ஒரே கதை மாதக்கணக்கில் வாரந்தோறும் தொடர்வதும் உண்டு. அதற்குக் கேம்பெயின் என்று பெயர். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டபோது அது வாளும் மந்திரமும் டிராகனுமாக இருந்தது. சூப்பர்ஹீரோக்கள் சீக்கிரமே உள்ளே வந்துவிட்டார்கள்.

1979-இல் ஜெஃப் டீ, ஜாக் ஹெர்மன் இருவரும் எழுதிய ‘வில்லன்ஸ் அண்ட் விஜிலான்டீஸ்’ ஆட்டத்தில் ஒரு விபரீதம் உண்டு. ஆடுபவர் வேறு யாராகவும் நடிக்க வேண்டாம். அவரே அவராக வந்து, கூடவே ஒரு சக்தியையும் பெற்றுக்கொள்ளலாம். அப்படியானால் அவருடைய சொந்த அறிவுக்கும் உடல் வலுவுக்கும் எண் போட்டாக வேண்டும். ஒரே அறையில் தங்கி, கேஸ் சிலிண்டர் காசைப் பங்கு போடுகிற நான்கு டிரெய்னிகள் ‘உனக்கு அறிவு எவ்வளவு?’ என்று வாய்விட்டுப் பேசத் தொடங்கினால் ஆட்டம் அந்த மாதம் தொடங்காது. எனவே ஆய்வு அந்நூலை மரியாதையோடு ஒதுக்கி வைக்கிறது.

எடுத்துக்கொண்ட நூல் ‘மாஸ்க்ஸ்’. பிரெண்டன் கான்வே வடிவமைத்து, மேக்பை கேம்ஸ் 2016-இல் வெளியிட்டது. இதில் ஹீரோக்கள் எல்லாரும் பதின்வயதினர். அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளி எதுவும் கிடையாது. லாரி மோதினாலும் எலும்புக்குக் கணக்கில்லை, மனதுக்குத்தான் கணக்கு. பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை, தன்மேல் சந்தேகம் என்று ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். கோபத்தில் இருப்பவன் இன்னொருவனைத் தேற்றப் போனால் பகடையில் இரண்டு குறையும். பயந்தவன் சண்டைக்குப் போனாலும் அப்படியே. பயத்தை அழிக்கக் கஷ்டமான ஒன்றிலிருந்து ஓடலாம். கோபத்தை அழிக்க முக்கியமான எதையாவது உடைக்கலாம். வீட்டில் ரிமோட்டுகள் ஏன் நீடிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் ஆய்வாளர்கள் கண்ணில் படவில்லை.

நூலின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஐந்து முத்திரைகள்: ஆபத்தானவன், விநோதமானவன், காப்பாற்றுபவன், மேலானவன், சாதாரணமானவன். ஒவ்வொன்றுக்கும் -2 முதல் +3 வரை எண். இரண்டு பகடையின் கூட்டுத்தொகையோடு உரிய முத்திரையின் எண்ணைச் சேர்க்க வேண்டும். 10-ம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் வெற்றிதான், ஆனால் விலை உண்டு. 6-ம் அதற்குக் கீழும் வந்தால் கேம் மாஸ்டர் சிரிப்பார். இந்த எண்கள் நிலையானவையும் அல்ல. பெரியவர் ஒருவர் வந்து ‘நீ இப்படிப்பட்டவன்’ என்று சொல்லிவிட்டால், ஒரு முத்திரை ஏறும், இன்னொன்று இறங்கும். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லாப் பெரியவர்களுக்கும் எல்லா ஹீரோக்கள் மீதும் இந்த அதிகாரம் உண்டு. யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்க வாசகர் இதைப் புதுமையான விதி என்று வியக்கலாம். மூக்கண்டப்பள்ளியில் இதற்கு விதிநூல் எதற்கு என்பது கட்டுரையின் மையக் கேள்வி. பறக்கத் தெரிந்த பையன் ஒருவன் முதல் தடவை வானத்தில் போய்விட்டு மாடியில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். கொடியில் துணி காயப்போட வந்த அத்தை பார்க்கிறார்.

“என்னடா, பறக்குறியாமே? கீழ் வீட்டுல சொன்னாங்க.”

“ஆமா அத்தை. நேத்துதான்…”

“பறந்து என்ன பண்ணப் போற? உங்க மாமாவோட அக்கா பையன் டிப்ளமோ முடிச்ச கையோட பெர்மனென்ட் ஆயிட்டான். நீ முதல்ல அரியர் கிளியர் பண்ணு.”

மேலானவன் ஒன்று இறங்கியது. சாதாரணமானவன் ஒன்று ஏறியது. அத்தை வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நகரத்தையே அழிக்க வந்த வில்லன் ஐந்து வாரம் உழைத்தாலும் இந்த வேகத்தில் ஒரு ஹீரோவைத் தரையிறக்க முடியாது.

அத்தையின் சொல்லை ஏற்க மறுக்கவும் விதி இடம் தருகிறது. மறுப்பவர் இரண்டு பகடையை உருட்ட வேண்டும்; இங்கே எந்த முத்திரையும் துணைக்கு வராது. 36 விதமாக விழக்கூடிய பகடையில் 7-ம் அதற்கு மேலும் விழுவது 21 விதம். அதாவது 100-க்கு 58 முறை தப்பிக்கலாம். பையன் ஏற்கெனவே தன்மேல் சந்தேகம் என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால் இரண்டு குறையும். 9-ஓ அதற்கு மேலோ விழுந்தாக வேண்டும். அதற்கு வழி 10 விதம்தான். வாய்ப்பு 28 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. தோற்றால் அத்தை சொன்னதும் நடக்கும், இன்னொரு கட்டமும் நிரம்பும். எனவே இந்தப் பகுதியில் ஆட்டம் நடத்துபவருக்கு ஆய்வு முன்வைக்கும் முதல் பரிந்துரை: ஓர் அமர்வுக்கு ஓர் அத்தை போதும். சித்தப்பா, டியூஷன் மாஸ்டர், வீட்டு ஓனர் மூவரையும் ஒரே காட்சியில் இறக்கினால் ஹீரோ எழுந்து நிற்க எண் மிஞ்சாது.

இது நவீன விதி என்று நினைப்பவர்கள் கர்ணனைப் பார்க்க வேண்டும். அரங்கேற்றக் களத்தில் அர்ச்சுனனுக்குச் சமமாக வில் வளைத்துக் காட்டினான், மேலானவன் +3. கிருபாச்சாரியார் குலம் என்ன என்று கேட்டார், நேராக இறங்கியது. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான், மறுபடி ஏறியது. தேரோட்டி அதிரதன் வந்து மகனைத் தழுவினார், வீமன் கேலி பேசினான், மீண்டும் சரிவு. ஒரே பிற்பகலில் இத்தனை முத்திரை மாற்றம் ‘மாஸ்க்ஸ்’ நூலின் எடுத்துக்காட்டுகளிலும் அபூர்வம். நூல் பத்து வகை ஹீரோக்களை வகுத்துத் தருகிறது. பாரதத்துப் பிள்ளைகள் அவற்றில் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறார்கள். பெரிய குடும்பத்தின் பேரைச் சுமப்பவன் என்ற வகை அபிமன்யுவுக்கு: அப்பா அர்ச்சுனன், தாய்மாமன் கண்ணன், சக்கரவியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. உருவத்தாலேயே அந்நியமாகிப் போனவன் என்ற வகை கடோத்கசனுக்கு. முடிவு முன்கூட்டியே குறிக்கப்பட்டவன் என்ற வகை அரவானுக்கு. களப்பலி என்று நாளும் குறித்து, ஆளும் குறித்து, சம்மதமும் வாங்கிவிட்டார்கள். கூவாகத்தில் சித்திரைதோறும் அவனுக்காகத் தாலி அறுத்து அழுகிறார்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது இந்தப் பிள்ளைகள் அனைவரும் விடிய விடிய மேடையேறுகிறார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் ஓடி, மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளத்தில் முடியும் அந்தத் திருவிழாவைத்தான் அமெரிக்கர்கள் கேம்பெயின் என்கிறார்கள் என்பது ஆய்வின் துணிபு. கேம் மாஸ்டர் யார் என்பதிலும் குழப்பமில்லை. கட்டியங்காரன்தான். முதலில் மேடைக்கு வருபவன் அவன். உள்ளே வரும் ராஜாவை ‘நீங்க யாரு, எந்த ஊரு?’ என்று கேட்டு அறிமுகம் வாங்குபவனும் அவன். தூதன், காவலாள், வேலைக்காரன் என்று ஆளில்லாத வேடங்களையெல்லாம் தலையில் போட்டுக்கொள்வதும், ராஜா வசனம் மறந்து நின்றால் கிண்டல் செய்து நேரம் ஓட்டுவதும் அவனே. கேம் மாஸ்டருக்கான வழிகாட்டி நூல்களில் அத்தியாயம் அத்தியாயமாக இருப்பது இவ்வளவுதான். ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. கூத்தில் அபிமன்யு செத்தே ஆக வேண்டும். மேசை ஆட்டத்தில் பகடை நன்றாக விழுந்தால் வியூகத்தை விட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம்.

பகடை விஷயத்தில் உள்ளூர்ப் பற்றாளர் ஒருவர் தாயக்கட்டையையே பயன்படுத்தலாமே என்று வாதிடக்கூடும். ஆய்வு இதைக் கணக்குப் போட்டே பார்த்தது. 0, 1, 2, 3 என்று நான்கு பக்கமுள்ள பித்தளைக் கட்டைகள் இரண்டு. மொத்தம் 16 விதமாக விழும். இரண்டிலும் வெறுமை விழுந்தால் 12. மற்றபடி 1 முதல் 6 வரைதான். 7, 8, 9, 10, 11 விழவே விழாது. ‘மாஸ்க்ஸ்’ ஆட்டத்தில் விலை கொடுத்து வெல்லும் இடம் 7 முதல் 9 வரை என்பதை இங்கே நினைவில் கொள்க. தாயக்கட்டையால் ஆடினால், முத்திரை பூஜ்யமாக உள்ள ஹீரோவுக்குச் சமரசமே கிடையாது: 16-இல் ஒருமுறை முழு வெற்றி, 15 முறை படுதோல்வி. தோற்கும்போதெல்லாம் அனுபவப் புள்ளி ஒன்று கிடைக்கும், ஐந்து சேர்ந்தால் ஒரு முன்னேற்றம் என்று நூல் சொல்வதால் ஹீரோக்கள் அசுர வேகத்தில் வளர்வார்கள். வளர்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி தோற்பார்கள். நீட் எழுதும் வீடுகளில் இந்த முறைக்கு ஆதரவு இருக்கலாம். மற்றவர்கள் ஃபேன்ஸி ஸ்டோரில் லூடோ பகடை வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்து ரகசிய அடையாளம். நூலின் பத்து வகைகளில் பகலில் சாதாரணப் பிள்ளையாகவும் மற்ற நேரத்தில் முகமூடியோடும் திரியும் ஒரு வகை உண்டு. வரிசையாக எட்டு வீடு, பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய், வாசலை அடைத்து நிற்கும் ஆறு பைக் என்று அமைந்த லைன் வீட்டில் இது நடைமுறைக்கு ஒவ்வாது. முகமூடியைத் துவைத்தால் காயப்போட வேண்டும். காயப்போட்டால் அத்தை வருவார்.

எல்லைச் சிக்கலும் இருக்கிறது. வில்லன் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். குற்றவாளியை இந்தியாவின் எந்த மூலைக்கும் துரத்திப் போகும் அதிகாரத்தைச் சட்டம் போலீஸ்காரருக்குத்தான் தந்திருக்கிறது. 2024 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, தனிமனிதர் ஒருவர் தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடிவாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் செய்பவரைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சூப்பர்ஹீரோவும் சட்டத்தின் முன் தனிமனிதர்தான். மாலையில் எல்லையை ஒட்டிய நெரிசலில் அந்த ஆறு மணி நேரம் கரைந்துவிடும் என்பதால், பறக்கும் சக்தி இங்கே ஆடம்பரமல்ல, சட்டத் தேவை.

‘மாஸ்க்ஸ்’ நூலின் கற்பனை நகரமான ஹால்சியனில் பழைய தலைமுறை ஹீரோக்களின் நிழல் பிள்ளைகள் மேல் விழுந்துகொண்டே இருக்கும். ஓசூரில் இதற்கு உவமை தேட வேண்டாம். 1980-இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்து புறப்பட்டது. அதே ஆண்டு அசோக் லேலண்ட் ஆலை வந்தது. சில ஆண்டுகளில் டைட்டன். அப்போது சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து, ஒரே கம்பெனியில் ஓய்வு பெறும்வரை நின்ற தலைமுறை ஒன்று உண்டு. கான்ட்ராக்ட்டில் பதினொரு மாதம் ஓட்டும் பையனிடம் அந்தத் தலைமுறை ‘நாங்கள்லாம் அந்தக் காலத்துல…’ என்று ஆரம்பிக்கும்போது, விதிநூலின் எந்தப் பக்கம் என்று யாரும் தேடுவதில்லை.

இனி உண்மையான வில்லன்: ஷிஃப்ட். காலை 6 முதல் 2 வரை ஏ, 2 முதல் இரவு 10 வரை பி, 10 முதல் காலை 6 வரை சி என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட குழுவில் மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஆள் இருந்துவிட்டால் 24 மணி நேரத்தில் ஐவரும் ஓய்வாக இருக்கும் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. ஐவர் மூன்று ஷிஃப்ட்டில் அமையும் விதங்கள் 243. அவற்றில் 150 இந்த வகை. ஏ-யும் பி-யும் கலந்தால் மிஞ்சுவது நள்ளிரவு. பி-யும் சி-யும் கலந்தால் மிஞ்சுவது சி ஆள் தூங்கும் காலை. ஏ-யும் சி-யும் கலந்தால் மாலை கிடைக்கும். எல்லாரும் ஒரே ஷிஃப்ட் என்றாலும் சமாளிக்கலாம். ஆக, ஆடத்தக்க அமைப்பு 243-இல் 33. ஏறக்குறைய ஏழு வாரத்துக்கு ஒருமுறை. எல்லாருக்கும் வாராவாரம் ஒரே திசையில் ஷிஃப்ட் மாறினால் நிலைமை இன்னும் தெளிவு. இந்த வாரம் மூன்று ஷிஃப்ட்டிலும் சிதறிக் கிடக்கும் குழு என்றைக்கும் சேராது. இரண்டு ஷிஃப்ட்டில் மட்டும் இருக்கும் குழு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேரும். எனவே ஆட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் படித்தவரா என்று கேட்பதற்கு முன் எந்த ஷிஃப்ட் என்று கேட்க வேண்டும்.

வார விடுமுறை நாளை நம்பலாம் என்பவர்கள் ஓவர்டைம் அறிவிப்பைப் பார்த்ததில்லை. வராதவருடைய ஹீரோவை என்ன செய்வது என்பது உலகெங்கும் கேம் மாஸ்டர்களை வாட்டும் கேள்வி. சிலர் மயக்கத்தில் போடுகிறார்கள், சிலர் வேற்றுலகத்துக்கு அனுப்புகிறார்கள். இங்கே அந்தச் சிரமம் இல்லை. முதல் தடவை ஹீரோ காதுகுத்துக்குத் தருமபுரி போயிருக்கிறார். இரண்டாம் தடவை மஞ்சள் நீராட்டு. மூன்றாம் தடவை பங்காளி வீட்டில் பெரிய காரியம், பத்து நாள் வர முடியாது. நான்காவது தடவையும் ஆள் வரவில்லை என்றால், அவருடைய பாத்திரத்தை வில்லன் பக்கம் சேர்த்துவிட்டு, ஜெனரல் ஷிஃப்ட்டில் இருக்கும் ஒருவரைப் பிடித்துப் போடுவதே முறை.