ரெண்டு கோட்டு அடிச்சாச்சு சார்

ஆடி பிறந்தால் திருச்சி புத்தூர்ப் பக்கம் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, அம்மன் கோயில் ஒலிபெருக்கி. இன்னொன்று, வீட்டை விற்கப் போகிறவர் உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்க்கிற சத்தம். ஆடியில் எவரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். ஆவணியில்தான் ஆள் வரும். அதுவரை அவருக்கு ஒப்பனை மாதம்.

அடுப்படிக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் என்று வீட்டம்மா இருபது வருஷமாகக் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றவர், ஊர் பேர் தெரியாத யாரோ மூக்கைச் சுளித்துவிடக் கூடாதே என்று ஒரே நாளில் போட்டு முடிப்பார். சொட்டிய குழாய் நிற்கும். கிறீச்சிட்ட கேட்டுக்கு எண்ணெய் விழும். காய்ந்துபோன துளசி இருந்த இடத்தில் நர்சரித் துளசி ஒன்று வந்து உட்காரும். இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத காரியம். என் வழக்கு ஓதத்தைப் பற்றியது.

உய்யக்கொண்டான் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஓதம் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து ஊருக்குள் வருகிற வாய்க்கால் உய்யக்கொண்டான். கரையோரத்து மண் லேசில் காயாது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கப் பூச்சு ஏதும் இராது. செங்கல் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடும். தண்ணீர் காற்றில் போகும். அதில் கரைந்திருந்த உப்பு சுவரில் பூக்கும். காரை பொரிந்து விழும். இதற்கு வைத்தியம் ஒன்றுதான். பூச்சைச் செங்கல் தெரிகிற வரை கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஈரம் ஏறாமல் அடியில் தடுப்புக் கொடுத்து, அப்புறம் பூச வேண்டும். காயவிடத்தான் நம்மவருக்கு நேரமில்லை.

அவர் பெயின்ட் அடிப்பார். பட்டி பார்த்து, பிரைமர் கொடுத்து, ரெண்டு கோட்டு எமல்ஷன். சுவர் மணப்பெண் முகம் மாதிரி மினுமினுக்கும். பதினைந்தே நாளில் அதில் ஒரு கொப்புளம். அதைச் சுரண்டி இன்னொரு ரெண்டு கோட்டு. போன வருஷத்துப் பச்சைக்கு மேல் இந்த வருஷத்து ஐவரி. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஐவரி. இப்படியே போனால் ஹால் சுருங்கிவிடும் என்று எனக்கு நிஜமாகவே ஒரு கவலை உண்டு.

பெயின்டர் நல்ல மனிதர். "சார், உள்ள ஈரம் இருக்கு. நிக்காது" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஆவணி வரைக்கும் நின்னா போதும்பா."

இந்த ஒரு வரியில் அந்த ஜாதி மொத்தமும் அடக்கம்.

பெயின்ட் கைவிட்டால் காலண்டர். காலண்டருக்கு அடங்காத இடத்தில் பீரோ. வாங்க வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. வீடு கட்டின அனுபவசாலி மச்சான் ஒருவர் கூடவே வருவார். அவர் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். மோப்பம் பிடிப்பார். ஈர வாசனையை அமுக்கக் காலையிலிருந்தே சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கும். மச்சானின் கை பீரோ பக்கம் நீள்வதற்குள், "அது எங்கம்மா பீரோ தம்பி. வாஸ்துப்படி நகத்தக் கூடாது. மாடிக்கு வாங்க, மலைக்கோட்டையும் தெரியும், ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் தெரியும்!" 1987-இல் 236 அடிக்கு அந்தக் கோபுரத்தை எழுப்பி முடித்ததே இவர் வீட்டு ஹால் சுவரிலிருந்து ஜனங்களின் கண்ணைத் திருப்பத்தானோ என்னவோ.

விஷயம் தெரிந்த திருச்சிக்காரர் என்றால் மாடியிலிருந்து இறங்கும்போது ஒரு கேள்வி கேட்பார்: "77 வெள்ளத்துல இங்க தண்ணி வந்துச்சா சார்?"

"வாசப்படி வரைக்கும் வந்துச்சு. அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

காவிரிக்கு இவரிடம் அவ்வளவு மரியாதை.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் யாரை ஜி.எச்.சில் சேர்த்தாலும் ஃபிளாஸ்கோடு முதலில் போய் நிற்கிறவர் அவர்தான். பையன் வெளியூரில் பிளாட் வாங்கி, "இங்க வந்துடுங்கப்பா" என்கிறான். விற்கத்தான் வேண்டும், விற்கட்டும். நாலு காசு கூட வந்தால் எனக்கும் சந்தோஷமே.

ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவில் இருப்பது பொதுச்சுவர். அவர் பக்கம் பிளாஸ்டிக் பெயின்ட் கோட்டுக்கு மேல் கோட்டாக ஏறி அடைத்துக்கொண்டுவிட்டது. ஈரம் அந்தப் பக்கம் மூச்சு விட முடியாது. என் பக்கம் அப்பா காலத்துச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஆகவே அங்கே போக வழியில்லாத தண்ணீரெல்லாம் என் பக்கம் வருகிறது. அவர் ஹாலில் ஐவரி, என் பூஜை அறையில் உப்பு. முருகன் படத்துக்குப் பின்னால் கையை வைத்தால் பூச்சு மாவாக உதிர்கிறது.

சொன்னேன். "ரெண்டு கோட்டு அடிங்க சார், சரியாயிடும்" என்றார்.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்கிறவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத பெரிய குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி என்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே பீரோவை நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். இதை நான் எடுத்துச் சொன்னதற்கு அவர், "நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்தார். கிளம்பும்போது மெதுவாக, "யாராவது வந்து விசாரிச்சா நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன். காற்றோட்டம் உண்டு, பிஷப் ஹீபர் பக்கம், நால்ரோட்டுக்குப் போனால் எந்தப் பஸ்ஸும் கிடைக்கும், மனிதர் தங்கம் என்று நாலு வார்த்தை சொல்கிறேன். அஞ்சாவதாக, பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள் என்றும் சொல்வேன். அது வேண்டாமென்றால், பத்திரம் பதிவதற்கு முன்னால் அந்தப் பொதுச்சுவரை இரண்டு பக்கமும் கொத்திக் காயவிட்டுப் பூசிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கொத்தனார் கூலியில் பாதி நான் தருகிறேன். ஆவணி தாண்டினாலும் பரவாயில்லை. ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டும்.