இல்லாத வீட்டோடு ஒரு போட்டி

வீட்டைக் கட்டிப் பார் என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள்? கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கம்ப்யூட்டரில் வெயிலில் நிறுத்திப் பார் என்றவன் என் அக்கா மகன். ஆர்க்கிடெக்சர் படிக்கிறான். தாம்பரம் தாண்டி ஒரு கிரவுண்டில் வீடு போடப்போகிறேன் என்றதும், "மாமா, கார்பன் கணக்குப் பாத்தீங்களா?" என்றான். நான் பார்த்திருந்த ஒரே கணக்கு பேங்க் லோன்.

முதலில் அவன் இறக்கிக் கொடுத்தது எனர்ஜிப்ளஸ் என்ற மென்பொருள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-இல் வந்தது, இன்றும் இலவசம். ஊரின் வானிலைக் கோப்பைக் கொடுத்தால், வருஷத்தின் 8760 மணி நேரமும் வீட்டுக்குள் சூடு எப்படி ஏறி இறங்கும் என்று கணக்குப் போட்டுவிடும். சுவர் என்ன கனம், கண்ணாடி என்ன ரகம், யார் எப்போது வீட்டில் இருப்பார்கள், எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். உளறினால் எச்சரிக்கை, கடும் பிழை, உயிர் போகும் பிழை என்று தராதரம் பார்த்துத் திட்டும். எனக்கு வந்தது எச்சரிக்கைதான்: உங்கள் கூரை தலைகீழாக இருக்கிறது, தானாகவே சரிசெய்யப் பார்க்கிறேன் என்றது. என் மாமனார் இத்தனை மரியாதையாக ஒரு குறையும் சொன்னதில்லை.

அடுத்த தொல்லை, ஹாலில் மேற்கே பார்த்து நான் ஆசையாக வைத்த பெரிய கண்ணாடி. இகோ நிவாஸ் சம்ஹிதா 2018 என்று மத்திய அரசின் விதித்தொகுப்பு ஒன்று உண்டாம். நம்மைப் போன்ற வெக்கை ஊர்களில் சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் சூட்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று அதில் வரம்பு. கண்ணாடியைக் குறைக்க மனசில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்ற எண்ணை மாற்றி வீட்டையே திருப்பினேன். வெயில் ஹாலை விட்டுப் பாத்ரூம் பக்கம் போனது, ஏசி செலவு சர்ரென்று இறங்கியது. தெருவாசலைத் தேடினால், அது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

சரி, சுலபமானதாகப் பார்க்கலாம் என்று எட்ஜ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு வந்தோம். உலக வங்கிக் குழுமத்து ஐஎஃப்சி நடத்துவது. டிக் போட்டுக்கொண்டே போனால் போதும். ஊர் வழக்கப்படி கட்டிய ஒரு வீட்டை அதுவாகக் கற்பனை செய்துகொள்ளும். கரண்ட், தண்ணீர், செங்கல் சிமெண்டைத் தயாரிக்கும்போதே வெளியான கார்பன், மூன்றிலும் நம் வீடு அதைவிட 20 சதவீதமாவது குறைய வேண்டும். அந்தக் கற்பனை வீடு எனக்குப் பங்காளி வீடாகிவிட்டது. ராத்திரி தூக்கமில்லை. சன்ஷேடை நீட்டினேன், மொட்டைமாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தேன், ஃப்ளஷ்ஷில் இரண்டு பட்டன் வைத்தேன். ஏசியே வேண்டாம் என்று வீரமாகச் சொல்லியும் பார்த்தேன். இன்றைக்கு வேண்டாம் என்பவன் நாளைக்குப் புழுக்கம் தாங்காமல் வாங்குவான் என்று, மாட்டாத ஏசிக்கும் சேர்த்துக் கரண்ட் கணக்கு எழுதியது. என்னோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் என்னைப் பற்றி இவ்வளவு தெரியும்.

மேஸ்திரியிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கலர் கலரான பட்டைகளை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "கம்பி எத்தனை டன்னு இதுல வருமா சார்?" என்றார். வராது என்றேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஜல்லி லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில், அந்த மேற்குக் கண்ணாடியையும் பாதியாக வெட்டிய பிறகு, மூன்று பட்டையும் 20-ஐத் தாண்டின. சமையலறைக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஜெயிச்சுட்டோம்!"

"யாரை?"

"இந்த வீட்டை. கம்ப்யூட்டர் கற்பனையா கட்டினது."

மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்தாள். "அதுல யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்ல. அதான் கற்பனைங்கறேனே."

"ஆளே இல்லாத வீட்டுக்கு ஏதுங்க கரண்ட் பில்லு? அவங்களைவிட நமக்கு எப்படிக் கம்மியா வரும்?"