மீன்தொட்டி ஸ்டாண்டு: தோற்றமும் வளர்ச்சியும்

தமிழில் தோற்றமும் வளர்ச்சியும் ஆராயப்படாத பொருள் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. சிறுகதைக்கு ஆயிற்று, நாவலுக்கு ஆயிற்று, பள்ளு, குறவஞ்சி, இதழியல் எல்லாவற்றுக்கும் ஆயிற்று. ஆனால் கூடத்து மூலையில் கால் டன் எடையை இரவும் பகலும் சுமந்துகொண்டு, ஒருவராலும் ஏறிட்டுப் பார்க்கப்படாமல் நிற்கும் மீன்தொட்டி ஸ்டாண்டைப் பற்றி ஓர் இயல் அளவுக்குக்கூட யாரும் எழுதக் காணோம். வீட்டுக்கு வருகிறவர் மீனைப் பார்க்கிறார், விளக்கைப் பார்க்கிறார், குமிழி விடும் பிளாஸ்டிக் முத்துச்சிப்பியைக்கூடப் பார்க்கிறார். குனிந்து ஸ்டாண்டைப் பார்ப்பவர் ஆசாரி ஒருவர்தான். அவரும் பார்த்துவிட்டு "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இந்த "ம்" ஆய்வுக்குரியது, பின்னர் வருவோம்.

முதலில் ஆய்வெல்லை. வீட்டுக்காரர் தம் சொந்தக் கையால் மரத்தில் செய்த ஸ்டாண்டு மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் வரிசையாக நிற்கும் எல்-ஆங்கிள் இரும்பு ஸ்டாண்டு, ஒப்பீட்டுக்குத் தேவைப்படும்போது மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படும்.

அடுத்து கருதுகோள். மீன் வளர்க்க ஆசைப்பட்டவர் தொட்டி வாங்குகிறார், தொட்டியை வைக்க ஸ்டாண்டு செய்கிறார் என்பது உலகோர் கொள்கை. அது பொருந்தாது என்க. மரம் அறுக்க ஆசைப்பட்டவர் ஸ்டாண்டு செய்கிறார். ஸ்டாண்டு செய்ததற்குக் காரணம் காட்டவேண்டித் தொட்டி வாங்குகிறார். தொட்டி வெறுமையாக இருந்தால் வீட்டில் கேள்வி வரும் என்பதால் மீன் வாங்குகிறார். சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்வதில் பேர்பெற்ற நச்சினார்க்கினியர் இன்றிருந்தால், "மீன் வாங்கி ஸ்டாண்டு செய்தான்" என்ற தொடரை "ஸ்டாண்டு செய்து மீன் வாங்கினான்" என்று கொண்டுகூட்டி இதையே நிறுவியிருப்பார்.

வரலாறும் இதற்கு இடம் தருகிறது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சி சாலையில் மீன்வீடு திறக்கப்பட்டது 1853இல். மறு ஆண்டே இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் மீன்தொட்டி பற்றிய தம் நூலை வெளியிட, இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் முழுவதும் கண்ணாடித் தொட்டிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. சென்னை மெரினாவில் மீன்காட்சியகம் வந்தது 1909இல். அக்காலத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டம் இருந்தது. அவை ஓரளவு மேடுபள்ளத்தையும் பொறுத்துக்கொண்டன. பிற்காலத்தில் சிலிக்கான் பசை வந்து சட்டத்தை ஒழித்தது. கண்ணாடியோடு கண்ணாடி நேரே ஒட்டிக்கொண்டது. அன்று முதல் தொட்டியின் முழுப் பாதுகாப்பும் ஸ்டாண்டின் தலையில் விழுந்தது. மீன்கள் மாறவில்லை, மாறியது ஸ்டாண்டின் பொறுப்பு.

இனி எடை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறேமுக்கால் கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 191 லிட்டர் தண்ணீர், அதாவது 191 கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஐந்து பக்கமும் சேர்த்து 33 கிலோ. மணலும் கல்லும் இருபத்தைந்து கிலோ போட்டால் மொத்தம் கால் டன்னைத் தொடுகிறது. இதில் மீனின் பங்கு? பத்து கப்பிகளைச் சேர்த்து நிறுத்தாலும் தட்டான் தராசுதான் வேண்டும். சில கிராம் உயிருக்காகக் கால் டன் கட்டுமானம் என்றால், அங்கே மீன் காரணமாக இருக்க முடியாது, சாக்காகத்தான் இருக்க முடியும். கருதுகோளுக்கு இதைவிட எடையுள்ள சான்று கிடைக்காது.

கால் டன் என்று கேட்டதும் புதிய ஆய்வாளர் அஞ்சி, காலுக்கு நாலங்குலம் சதுரத்தில் உத்தரம் தேடிப் புறப்படுகிறார். வேண்டியதில்லை. ஈரம் காய்ந்த நல்ல தேக்கில் இரண்டங்குலச் சதுரக் கால், இரண்டரை அடி உயரத்தில் நேராக நின்றால், கணக்குப்படி ஒற்றைக் காலே ஒரு யானையைத் தாங்கும். நாலு காலுக்கு நாலு யானை. ஆனால் யானை மேலிருந்து நேர்கீழாக மட்டுமே அழுத்த வேண்டும், காதை ஆட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஸ்டாண்டைக் கொல்வது எடை அல்ல, ஆட்டம். பந்தை எடுக்க ஓடிவரும் பையன் பக்கவாட்டில் இடித்தால் நாலு காலும் ஒரே பக்கம் சாய்கின்றன; செவ்வகம் இணைகரமாகிறது. மேலே தண்ணீர் அலையடித்து அந்தச் சாய்வைப் பெரிதாக்குகிறது. தடுப்பு எளிது. பின்பக்கம் முழுப் பலகை ஒன்றை அடித்துவிடலாம், அல்லது மூலைக்கு மூலை குறுக்குச்சட்டம் கொடுக்கலாம். முக்கோணம் சாயாது என்ற பள்ளிக்கூட வடிவகணிதம் வாழ்க்கையில் உதவும் அரிய தருணங்களில் இது ஒன்று.

இங்கேதான் அந்த "ம்" வருகிறது. வீட்டுக்காரர் ஆர்வத்தோடு அழைத்து வந்து காட்ட, ஆசாரி முதலில் தடவிப் பார்ப்பது மேல்பலகையை அல்ல. காலும் சட்டமும் சேருமிடத்தை. மேல்சட்டம் காலின் தலைமீது உட்கார்ந்திருந்தால் எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்குகிறது. காலின் விலாவில் இரண்டு திருகாணியில் தொங்கினால் கால் டன்னும் அந்தத் திருகாணிகளின் கழுத்தில். முதலாவதற்கு ஒரு "ம்" உண்டு. அது குறுகியது, மூக்கால் வருவது. இரண்டாவதற்கும் ஒரு "ம்" உண்டு, அது நீண்டது, முடிவில் சற்று இறங்குவது, அதற்குப் பின் "மீன் ஏதும் விட்டாச்சா சார்?" என்ற கேள்வி வரும். ஒரு மரத்தில் துளையும் இன்னொன்றில் நாக்கும் வெட்டிப் பொருத்தி ஃபெவிக்கால் வைத்திருந்தால் "ம்" வராது. "யார் செஞ்சது?" என்பார். தன்கையால் மரவேலை செய்த எவருக்கும் இதைவிடப் பெரிய விருதை எந்த அகாதெமியும் தரப்போவதில்லை.

மரத்தைத் தெரிவதில் மூன்று மரபுகள் உள்ளன. தேக்கு மரபினர் பழமைவாதிகள். தேக்கின் உடம்பிலேயே எண்ணெய் இருப்பதால் ஈரமும் கரையானும் எளிதில் அண்டா என்பது இவர்கள் வாதம். அதே எண்ணெய் பசையையும் அண்டவிடாது என்பதை இவர்கள் சொல்வதில்லை. ஒட்டுமுன் அந்த இடத்தைத் தின்னரில் துடைக்க வேண்டும். ப்ளைவுட் மரபினர் நவீனர்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் ப்ளைவுட்டைத் தட்டிக் காட்டி, "தண்ணியிலேயே போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். இது உண்மை, வெட்டிய விளிம்புகளை மூடியிருந்தால். மூன்றாவது மரபு பழைய மரக்கடைக்காரருடையது: இடித்த வீட்டு நிலைக்கதவு, உத்தரம், சாளரச் சட்டம். ஐம்பது அறுபது ஆண்டு காய்ந்த மரம் இனி ஊதவோ சுருங்கவோ பெரிதாக ஒன்றுமில்லை என்பதால் நான் இந்த மரபின் பக்கம் சாய்கிறேன். உள்ளே முறிந்து நிற்கும் பழைய ஆணியை இழைப்புளியின் வாய் கண்டுபிடிக்கும் வரை இந்தச் சாய்வு நீடிக்கும். அமுக்கிய மரத்தூள் பலகையை மரபாகவே ஏற்க முடியாது. ஒருமுறை தண்ணீர் சிந்தினால் உப்பிவிடும். பின் எந்தச் சமாதானத்துக்கும் இறங்காது.

இந்த ஆய்வின் மையப் பகுதிக்கு வருவோம். அது ஸ்டாண்டில் இல்லை, தரையில் இருக்கிறது. நம் வீடுகளில் தரை போடும் கொத்தனார், கழுவிவிட்ட தண்ணீர் வாசலுக்கோ முற்றத்துக்கோ ஓட வேண்டும் என்பதற்காக வாட்டம் விடுகிறார். நல்ல வழக்கம். வீடு கட்டியவர் இதைப் பெருமையாகச் சொல்வார். கட்டிலும் பீரோவும் நாற்காலியும் இதைப் பொருட்படுத்தியதே இல்லை. மீன்தொட்டி பொருட்படுத்துகிறது. நூறுக்கு ஒன்று என வாட்டம் இருந்தால் மூன்றடித் தொட்டியின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வேறுபாடு. தொட்டியின் மேல்விளிம்பு தரையோடு சாய்கிறது; தண்ணீர் சாய மறுக்கிறது. அங்கே தெரிகிறது இடைவெளி. மூலமட்டம் வைத்து மயிரிழை பிசகாமல் செய்த ஸ்டாண்டு, கூடத்தில் வைத்தவுடன் கோணல் ஆகிறது. ஸ்டாண்டு நேர், வீடு கோணல். இந்த உண்மையைச் செய்தவர் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் வீட்டில் எவரும் ஏற்பதில்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாதெனின், ரசமட்டத்தை வைத்து எந்தக் கால் தாழ்ந்தது என்று பார்த்து அந்தக் காலுக்குக் கீழே ஆப்பு கொடுக்க வேண்டும். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை, மூலைக்கு மூலை ஒருமுறை. தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே அட்டைத் துண்டு செருகிச் சரிசெய்யலாம் என்பாரும் உளர். அது கூடாது. மொத்த எடையும் அந்தத் துண்டின்மேல் விழும். அடிக்கண்ணாடி அங்கிருந்து விரியும். தெர்மோகோல் போடும் வழக்கம் குறித்தும் ஒரு தெளிவு வேண்டும். அரை அங்குலத் தெர்மோகோல், மேல்பலகையின் சின்னச் சின்ன மேடுபள்ளத்தை விழுங்கும். வாட்டத்தை விழுங்காது. கொத்தனார் விட்டதைத் தெர்மோகோல் தீர்க்கும் என்று நம்புவோர் தொகை குறைவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயரம் பற்றிய சர்ச்சையை விரைவாகக் கடந்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே தொட்டியின் நடுப்பகுதி வர வேண்டும் என்பது ஒரு கட்சி. நின்று பார்ப்பவருக்கு என்பது மற்றொன்று. குழந்தைகள் உள்ள வீட்டில் இரு கட்சியும் தோற்கும். அவர்கள் ஸ்டூல் போட்டு ஏறுவார்கள்.

மெருகு வேலைதான் செய்தவரின் குணத்தைக் காட்டுவது. அறுக்கும்போது இருந்த அவசரம் இங்கே செல்லாது. 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று ஏற வேண்டும். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். மரத்தின் ரேகை வழியே மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது. பாலிஷ் ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்து நின்று பெயர் சொல்லும். பிறகு மக்கு, சீலர், அதன்மேல் பூச்சு. பிரெஞ்சு பாலிஷின் அழகுக்கு நான் எதிரியல்ல. ஆனால் அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது; தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். வாரந்தோறும் பக்கெட்டில் தண்ணீர் மாற்றப்படும் இடத்தில் அதைப் பூசுவது அரக்குக்குச் செய்யும் அவமரியாதை. பாலியூரித்தேன் பூச்சு நிற்கும். அதையும் ஐப்பசி அடைமழையில் பூசக் கூடாது. காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு பால்படலம் போலத் தங்கிவிடும் வகைகள் உண்டு. ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல் விரித்துக் காயப்போட வேண்டும். சுருண்ட துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல.

பூச்சு முழுவதும் மேல்பலகைக்கே போய்விடுவது பொதுவான நிலை. மேல்பலகையோ தொட்டிக்கு அடியில் மறைந்துபோகிறது. உண்மையில் பூச்சு வேண்டியது காலின் அடிமுனைக்கு. அறுத்த முனையில் மரத்தின் துளைகள் திறந்து நிற்கின்றன. தினமும் வீடு துடைக்கும் ஈரத்தைக் கீழிருந்து உறிஞ்சி மேலேற்றுகின்றன. ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து நாலு பாதத்துக்கும் மும்முறை பூச வேண்டும். அடுத்த எதிரி காற்று பம்ப். அதைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டின் தட்டில் வைத்திருந்தால், கரண்டு போன நேரத்தில் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்வாங்கிப் பம்புக்குள் இறங்கி, அங்கிருந்து பலகையில் சொட்டலாம். பம்பை மேலே வைக்கவும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டவும்.

கதவு வைத்த அடியறை பற்றி ஒரு கள ஆய்வுக் குறிப்பு. மீன் தீனி, வலை, வடிகட்டிப் பஞ்சு வைக்க என்று அது செய்யப்படுகிறது. சில வாரங்களில் அங்கே கேஸ் புத்தகம், கொலு பொம்மையில் கை உடைந்தது ஒன்று, பழைய செல்போன் சார்ஜர்கள், கல்யாணப் பத்திரிகைகள் குடியேறுகின்றன. மீன் தீனி ஃபிரிட்ஜின் தலைக்குப் போகிறது. பெயர் வெளியிட விரும்பாத ஒரு தகவலாளியின் வீட்டில் தொட்டியே பிறகு காலியாகிவிட்டது. ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது, மேலே டிவி. அவருக்கு அதில் வருத்தம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. இப்போது அவர் புத்தக அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் படிக்கும் வழக்கமுள்ளவர் எவருமில்லை. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

செய்முறையில் இறங்கப்போகும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டாண்டை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் விட்டு, மறுபடி மட்டம் பாருங்கள். மீனுக்கு அதன்பிறகு போகலாம். நிரப்பிய தொட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாதீர்கள்.

ஆய்வு நேர்மை கருதி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரம், பசை, உப்புத்தாள், பூச்சு எல்லாம் கூட்டிப் பார்த்தால் கொளத்தூரில் கிடைக்கும் இரும்பு ஸ்டாண்டு இதைவிட மலிவு. அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டும் வந்துவிடலாம். இத்தகவல் மேற்கண்ட முடிவுகள் எதையும் பாதிக்கவில்லை.