சரணம்வரை வராதவர்கள்

ஆல்பம் எனப்படுவது, இசையமைப்பாளர் ஓர் ஒழுங்கில் அடுக்கி, அதே ஒழுங்கில் கேட்கப்படும் என்று நம்பி வெளியிடும் பாடல்களின் தொகுப்பாகும். அந்த நம்பிக்கை எத்தகைய பேதைமை என்பதைப் பரனூர் சுங்கச்சாவடி வருவதற்குள் மெய்ப்பித்துவிடக்கூடியவர், காரின் ப்ளூடூத்தைத் தம் கைப்பேசியோடு இணைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவர். தனிப்பாடலைவிட முழு ஆல்பமே மேலானது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும், சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து விழுப்புரம்வரை ஒரு பாடல்கூட முழுதாக ஒலிக்கவில்லை என்பதை முதலில் பதிவுசெய்தாக வேண்டியுள்ளது.

ப்ளூடூத்காரர் என்று இங்கே சுட்டப்படும் இவ்வகையினர் பல்லவியோடு நிறைவடைபவர்கள். பல்லவி முடிந்து இடையிசை, அதாவது பாடகர் தண்ணீர் குடிப்பதற்காக விடப்பட்டதென்று இவர்கள் கருதும் வாத்தியப் பகுதி, தொடங்கி வயலின்கள் எழும்பும் அதே நொடியில் இவர்களுடைய கட்டைவிரலும் எழும்புகிறது. அடுத்த பாடல் வருகிறது, "இது செம பாட்டு" என்று அறிவிக்கப்படுகிறது, ஒலி கூட்டப்படுகிறது, பல்லவி இருமுறை வந்ததும் செம பாட்டும் போய்விடுகிறது. பின்னிருக்கையிலிருந்து "அது ஓடட்டுமேப்பா" என்று ஈனக்குரல் எழுந்தால், "இருங்க மாமா, இதவிட சூப்பரா ஒண்ணு இருக்கு" என்ற உறுதிமொழி கிடைக்கிறது. அந்த ஒன்று திண்டிவனத்திலும் வரவில்லை. இவர்களுள் ஓர் உட்பிரிவினர், பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பாடலின் வேறொரு வடிவத்தை, யாரோ படுக்கையறையில் கிதாருடன் பாடியதை, தேடி எடுத்து, அதையும் பாதியில் நிறுத்துவர். அன்றைய பயணத்தில் தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றிக் கேட்கப்பட்டது, தனிநபர் கடன் வேண்டுமா என்று விசாரித்த ஓர் அழைப்பு மட்டுமே.

வரலாற்றின்படி தனிப்பாடலே மூத்தது என்பதை மறுப்பதற்கில்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களே கொள்ளும். 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் எல்பி தட்டை வெளியிட்ட பிறகே, பாடல்களை வரிசைப்படுத்துவது ஒரு கலையானது. கேசட் காலத்தவர் முழுதாகக் கேட்டதும் பண்பாட்டினால் அன்று. ஃபார்வர்டு பொத்தானை அழுத்தினால் டேப் அடுத்த பாடலின் நடுவில் போய் நிற்கும் என்ற அச்சத்தினால்தான். இன்று அங்கலாய்க்கும் இதே பெரியோர், ரெக்கார்டிங் சென்டரில் பாடல் பட்டியலைக் கொடுத்து 60 நிமிட கேசட்டில் பதியச் செய்தவர்கள். பக்கத்தின் கடைசிப் பாடல் சரணத்தின் நடுவே அறுந்துபோனதைப் பற்றி அப்போது அவர்கள் யாரும் கட்டுரை எழுதவில்லை.

பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் 2010இல் லண்டன் உயர் நீதிமன்றம்வரை சென்று, தங்கள் ஆல்பங்களை உடைத்து இணையத்தில் தனிப்பாடல்களாக விற்க ஈஎம்ஐ நிறுவனத்திற்கு உரிமையில்லை என்று தீர்ப்புப் பெற்றனர். அடுத்த ஆண்டே சமரசம் ஏற்பட்டு, பாடல்கள் மீண்டும் சில்லறை விற்பனைக்கு வந்தன. பாடகி அடேல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆல்பங்களைக் குலுக்கிப்போட்டு ஒலிக்கச் செய்யும் ஷஃபிள் பொத்தானை ஸ்பாட்டிஃபை 2021இல் முன்னிடத்திலிருந்து அகற்றியது. கட்டைவிரலை அகற்றுமாறு எங்கே விண்ணப்பிப்பது என்பது தெளிவாகவில்லை.

தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக இளையராஜா 1986இல் அளித்த 'ஹவ் டு நேம் இட்' அன்று மயிலம் அருகே ஒலிக்கவிடப்பட்டபோது, பல்லவியே இல்லாத இசையில் எங்கே தாவுவது என்று புரியாத ப்ளூடூத்காரர் சிறிது நேரம் பொறுத்திருந்து, "பாட்டு எப்ப மாமா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

முழு ஆல்பத்தின் மேன்மையை நிறுவ இனி இடமில்லை. ஆகவே, முன்னிருக்கை அன்பர்கள் இரண்டாம் சரணம் முடியும்வரையாவது கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.