காலி செய்த வீட்டுக்கு வந்த பார்சல்

எல்லாப் பாவமும் ஒரு மெயில் பெட்டியிலிருந்துதான் ஆரம்பித்தது. 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் குழுவினர் அவுட்லுக்கைப் பிரவுசருக்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை இணையம் நிம்மதியாக இருந்தது. லிங்க்கைத் தட்டினால் திரை வெள்ளையாகும், சர்வர் கொஞ்சம் யோசிக்கும், முழுப் பக்கமும் புதிதாக வந்து இறங்கும். பந்தியில் "இன்னொரு கரண்டி சாம்பார்" என்று கேட்டால், இலையையே உருவி எடுத்துவிட்டுப் புது இலை போட்டு உப்பிலிருந்து மறுபடி பரிமாறுகிற ஏற்பாடு. பசியோடு இருப்பவனுக்கு எரிச்சல்தான். ஆனால் யாருக்கும் குழப்பமில்லை.

மெயில் குழுவுக்கு சாம்பார் மட்டும் வேண்டியிருந்தது. அதற்கு அலெக்ஸ் ஹாப்மன் ஒரு சின்னக் கருவி எழுதினார். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கிளம்பும் நேரம், புதுச் சரக்கு ஏற்ற இடமில்லை. எக்ஸ்எம்எல் நூலகம் மட்டும் அந்த வண்டியில் போவது உறுதியாகியிருந்தது. அதற்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்கள். கல்யாண கோஷ்டியோடு பஸ் ஏறிவிட்டால் கண்டக்டர் டிக்கெட் கேட்க மாட்டார் அல்லவா, அதேதான். அதனால் கருவிக்கு எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்று பெயர் வந்தது. எக்ஸ்எம்எல்லுக்கும் அதற்கும் பெரிதாக ஒட்டுமில்லை உறவுமில்லை. 1999 மார்ச்சில் வண்டி கிளம்பியது. கால் நூற்றாண்டு கழித்தும் அந்தப் பொய்ப் பெயர் பிரவுசருக்குள் உயிரோடு இருக்கிறது.

ஐந்து வருடம் அது திண்ணையில் கிடந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அதே உத்தியோடு ஜிமெயில் வந்தது. தேதியைப் பார்த்துப் பாதிப் பேர் நம்பவில்லை. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். அதே மாதம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட், வாடிக்கையாளர்களிடம் நீட்டி முழக்கிச் சொல்லி மாளவில்லை என்று அந்த உத்திக்கு 'ஏஜாக்ஸ்' எனப் பெயர் சூட்டினார். பெயர் வைத்ததும் ஊரே மாறிவிட்டது. 2006-ல் ஜான் ரெசிக்கின் ஜேக்வெரி வந்து, "பந்தல் போட்டாச்சா? அப்ப ஆரம்பிக்கலாம்" என்று ஒரே ஒரு சடங்கை வைத்தது. டாக்குமென்ட் ரெடி. அத்தோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. 2013 மே மாதம் ஃபேஸ்புக்கின் ஜோர்டன் வால்க் எழுதிய ரியாக்டை ஒரு மாநாட்டில் அவிழ்த்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல்லைக் கலந்து எழுதலாம் என்றதும் அரங்கில் முகங்கள் கோணின. மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில் விடக்கூடாது என்றுதானே இத்தனை வருடம் பாடம் நடத்தியிருந்தார்கள்! ஃபேஸ்புக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2010-லேயே எக்ஸ்எச்பி என்ற பெயரில் பிஎச்பிக்குள் இதே சமையலைச் செய்து பழகியவர்கள்.

ரியாக்டில் திரை என்பது கம்பொனென்ட்களின் கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு கம்பொனென்ட்டுக்கும் பிறப்பு, வாழ்வு, இறப்பு. இடையில் சடங்குகள். வில்மவுன்ட் வளைகாப்பு. டிட்மவுன்ட் தொட்டில் போடும் நாள். மேலிருந்து புது ப்ராப்ஸ் வந்தால், அது தாய்மாமன் சீர். ஷுட்அப்டேட், "இந்தச் சீருக்கெல்லாம் நான் எழுந்து வரணுமா?" என்று கௌரவம் பார்க்கிற பெரியப்பா. வில்அன்மவுன்ட் காரியம். புரோகிதர் மட்டும்தான் இல்லை. அவர் வேலையையும் நாமே பார்க்க வேண்டும்.

இதில் டேட்டாவை எப்போது கேட்பது? இந்த ஒரு கேள்விக்குத்தான் அதற்குப் பிந்தைய வரலாறு முழுவதும் செலவானது.

முந்திரிக்கொட்டைகள் வளைகாப்பன்றே கேட்டார்கள். சீக்கிரம் கேட்டால் சீக்கிரம் வரும் என்று கணக்கு. சர்வருக்குப் போன ஆள் திரும்புவதற்குள் முதல் ரெண்டர் முடிந்துவிடும். ஆக, லாபம் ஒன்றுமில்லை. பக்கத்தை சர்வரிலும் வரைகிறவர்களுக்கோ நஷ்டமே. வில்மவுன்ட் அங்கே ஒருமுறை ஓடும், பிரவுசரில் இன்னொரு முறை ஓடும். ஒரே குழந்தைக்கு இரண்டு ஊரில் வளைகாப்பு, இரண்டு செலவு. 2018 மார்ச்சில் ரியாக்ட் 16.3-ல் பொறுமையிழந்த குழு, அந்தச் சடங்கின் பெயருக்கு முன்னால் 'அன்சேஃப்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தது. நாய்கள் ஜாக்கிரதை பலகை.

பலகை எழுதுவதில் இவர்கள் கை தேர்ந்தவர்கள். எச்டிஎம்எல்லை நேராகத் திணிக்கும் வசதிக்கு 'டேஞ்சரஸ்லி' என்று தொடங்கும் பெயர். தன் உள்விவகாரங்களை ரியாக்ட் பூட்டி வைத்திருந்த பொருளின் பெயரைத் தமிழில் சொன்னால்: ரகசியம், தொடாதே, தொட்டால் வேலை போய்விடும். பல நூலகங்கள் தொட்டன. யாருக்கும் வேலை போனதாகத் தெரியவில்லை. ரியாக்ட் 19-ல் மிரட்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.

விவரமானவர்கள் டிட்மவுன்டில் கேட்டார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். பயனர் பக்கத்தைத் திறக்கிறார், பிடிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறார். கம்பொனென்ட்டுக்குக் காரியம் முடிந்துவிட்டது. அப்போதுதான் சர்வரிலிருந்து பதில் வந்து கதவைத் தட்டுகிறது. காலி செய்த வீட்டுக்கு பார்சல். உடனே கன்சோலில் சிவப்பு எழுத்தில், இல்லாத கம்பொனென்ட்டின் ஸ்டேட்டை மாற்றப் பார்க்கிறாய், மெமரி ஒழுகுகிறது என்று ஒப்பாரி.

நம் ஆட்கள் உடனே 'இஸ்மவுன்டட்' என்று கேட்டுவிட்டு பார்சலைக் கொடுத்தார்கள். அதாவது, செத்தவரைத் தட்டி எழுப்பி, "ஐயா, இருக்கீங்களா?" 2015 டிசம்பரில் ரியாக்ட் குழு இது கெட்ட பழக்கம் என்று எழுதியது. சரி என்று தலையாட்டிவிட்டு, எல்லோரும் அதே கேள்வியைத் தங்கள் சொந்த மாறியில் கேட்டுக்கொண்டார்கள். 2022-ல் ரியாக்ட் 18 அந்த எச்சரிக்கையையே தூக்கிவிட்டது. பெரும்பாலான இடங்களில் ஒழுகல் எதுவும் இல்லையாம், அதை அடைக்க நாம் வைத்த ஒட்டுதான் மோசமாம். அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பயந்து நான் தூங்காத இரவுகளுக்கு யாரிடம் பில் அனுப்புவது?

உண்மையான ஆபத்து சத்தமே போடாமல் இருந்தது. தேடல் பெட்டியில் 'இ' என்று அடிக்கிறீர்கள், ஒரு கேள்வி போகிறது. 'இட்லி' என்று முடிக்கிறீர்கள், இன்னொன்று போகிறது. இரண்டாவதற்கு முதலில் பதில் வருகிறது, திரையில் இட்லி. அரை நொடி கழித்து முதல் கேள்வியின் பதில் ஆடி அசைந்து வந்து, இட்லியைத் தள்ளிவிட்டு இஞ்சி, இடியாப்பம், இறால் என்று பரப்பி வைக்கிறது. பெட்டியில் இட்லி, இலையில் இறால். கன்சோலில் ஒரு வரி முணுமுணுப்பு கிடையாது.

வ்யூ, ஆங்குலர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். வ்யூவில் இறப்புக்கு 'டெஸ்ட்ராய்ட்' என்று பெயர் இருந்தது. மூன்றாம் பதிப்பில் 'அன்மவுன்டட்' என்று மாற்றினார்கள். செத்தார் என்பதைக் காலமானார் ஆக்கிய நாகரிகம். ஆங்குலரிலோ வீட்டைக் காலி செய்த பிறகும் பேப்பர் வந்து விழுந்துகொண்டே இருக்கும், சந்தாவை நிறுத்த யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

2018 அக்டோபரில் சோஃபி ஆல்பெர்ட்டும் டான் அப்ரமோவும் மேடையேறி, சடங்குகளே இனி வேண்டாம் என்றார்கள். ஹுக்ஸ். 2019 பிப்ரவரியில் அது 16.8-ஆக வெளிவந்தது. தொட்டில், சீர், காரியம் மூன்றையும் யூஸ்எஃபெக்ட் என்ற ஒரே மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். வாசலில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ளவர்கள் மாறினால் மட்டும் விசேஷம் மறுபடி நடக்கும். பட்டியல் காலியாக இருந்தால் ஒரே முறை. பட்டியலே போடாவிட்டால் ஒவ்வொரு ரெண்டருக்கும் விசேஷம்.

கேட்க எவ்வளவு சுலபம்! அந்தப் பட்டியலில் நான் ஒரு ஆப்ஜெக்டை வைத்தேன். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே உள்ளடக்கம் கொண்ட இரண்டு ஆப்ஜெக்டுகள் வேறு வேறு ஆட்கள். அதே பெயர், அதே முகம், ஆதார் எண் மட்டும் வேறு. ரெண்டர் ஆகும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட் பிறந்தது. ஆள் மாறிவிட்டார் என்று எஃபெக்ட் ஓடி டேட்டா கேட்டது. டேட்டா வந்து ஸ்டேட் மாறியது. ஸ்டேட் மாறியதால் ரெண்டர். ரெண்டர் ஆனதால் புது ஆப்ஜெக்ட். என் லேப்டாப் மின்விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போட்டது. பக்கத்து வரிசையிலிருந்து சர்வர்க்காரர் எழுந்து நின்றார்.

"யாருய்யா அது, நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை ஒரே ஆளோட முகவரிய கேக்கறது?"

"தெரியலண்ணே, ஹேக்கரா இருக்கும்" என்றேன்.

பிற்பாடு எனக்குப் பெரிய துணை கிடைத்தது. 2025 செப்டம்பர் 12 அன்று கிளவுட்ஃப்ளேரின் டாஷ்போர்டு படுத்துவிட்டது. வெள்ளம்போல் வரும் கோரிக்கைகளிலிருந்து ஊரார் தளங்களைக் காப்பதே அவர்கள் தொழில். அவர்களே வெளியிட்ட அறிக்கையின்படி, டாஷ்போர்டின் ஒரு யூஸ்எஃபெக்ட் பட்டியலில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்ட் ஒன்று உட்கார்ந்திருந்தது. அது தங்கள் சொந்த ஏபிஐயையே திரும்பத் திரும்ப அழைத்தது. அணை கட்டும் கான்ட்ராக்டர் வீட்டில் மொட்டைமாடித் தொட்டி வழிந்த கதை. அதை ஒளிக்காமல் எழுதினார்களே, அதற்கு ஒரு கும்பிடு.

ரியாக்ட் 18 இன்னொரு விளையாட்டும் காட்டியது. ஸ்ட்ரிக்ட் மோடில், எழுதிப் பார்க்கும் கட்டத்தில் மட்டும், ஒவ்வொரு கம்பொனென்ட்டையும் பிறக்கவைத்து, கொன்று, மறுபடி பிறக்கவைக்கும். காரியத்தை ஒழுங்காகச் செய்கிறாயா என்று ஒத்திகை. டேட்டா இரண்டு தடவை போவதைப் பார்த்துப் பதறியவர்கள் ஸ்ட்ரிக்ட் மோடையே அணைத்தார்கள். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டால் காய்ச்சல் எப்படித் தெரியும்?

இதற்கிடையே 2019-ல் ரியாக்ட் க்வெரியும் எஸ்டபிள்யுஆரும் வந்து, டேட்டா கேட்பதை எங்களிடம் விடுங்கள் என்றன. எஸ்டபிள்யுஆரின் தத்துவம் 2010-ல் எழுதிய எச்டிடிபி விதியிலிருந்து வந்தது. பழையதை உடனே கொடு, பின்னால் புதியதை வரவழை. மத்தியானக் குழம்பைச் சுடவைத்துப் போட்டுவிட்டு, விருந்தாளி சாப்பிடும்போதே கொல்லைப்புறம் ஆளனுப்பி முட்டை வாங்கிவரும் வீடுகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். கடைசியில் ரியாக்ட் ஆவணமே, உனக்கு எஃபெக்ட் தேவைப்படாமல் இருக்கலாம் என்று ஒரு தனிப் பக்கம் போட்டது. அத்தனை பேரையும் மண்டபத்துக்குள் வரவழைத்துவிட்டு!

2020 டிசம்பரில் சர்வர் கம்பொனென்ட்ஸ் அறிவிப்பு. டேட்டா இருக்கும் இடத்திலேயே கம்பொனென்ட்டை ஓடவிட்டு, சமைத்ததை அனுப்பலாமே என்ற மகத்தான கண்டுபிடிப்பு. தொட்டில் இல்லை, காரியம் இல்லை, காலி வீட்டுக்கு பார்சல் இல்லை. 2023 அக்டோபரில் நெக்ஸ்ட் ஜேஎஸ் மாநாட்டில் பட்டனுக்குள் நேராக எஸ்க்யூஎல் எழுதிக் காட்டியபோது, உலகமே ஒரே குரலில் பிஎச்பி என்று கத்தியது. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட அந்த பிஎச்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோரிக்கை வந்தால் பிறக்கும், டேட்டாவை எடுக்கும், பக்கத்தைக் கொடுக்கும், செத்துப்போகும்.

நாளைக் காலை அலுவலகம் போனதும், உங்கள் யூஸ்எஃபெக்ட்களின் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதாவது ஆப்ஜெக்ட் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சர்வர்க்காரர் பாவம்.