சாரனுக்குள் ஒரு வரலாறு

கல்முனைக் கரையில் ஓர் ஆணின் கால் எப்படி இருக்கும் என்று கலியாணம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. சாரன் அப்படி. மார்க்கமும் தொப்புள் தொடங்கி முழங்கால் வரை மூடச் சொல்கிறது. மூடிவைக்கிற சாமானுக்கு எவன் செலவழிப்பான்? ஆகவே ஜிம்முக்குப் போகிற எங்கள் பொடியன்மாருக்குத் திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை, புதன் மறுபடியும் நெஞ்சு. மேலே எருமை, கீழே கொக்கு. கடற்காற்று சாரனைக் கொஞ்சம் தூக்கினால் மானம் போய்விடும்.

பாரம் தூக்கிய கதையைக் கிரேக்கரிலிருந்து தொடங்குவது வழக்கம், தொடங்கிவிட்டு ஓடிவிடுவோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டு, இத்தாலியின் தென்கரை, குரோட்டன் என்ற கிரேக்க ஊர், மைலோ என்றொரு மல்லர். கடையில் விற்கிற பச்சை டின் மைலோவுக்குப் பெயர் கொடுத்த ஆள் இவர்தான். ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் தூக்கினாராம். கன்று வளர வளர ஆளும் பலத்தார். கடைசியில் தோளில் நின்றது காளை. பாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டு என்று ஜிம் மாஸ்டர்மார் ஓதுவதெல்லாம் இந்தக் கன்றைப் பற்றித்தான். முடிவை மட்டும் சொல்லமாட்டார்கள்: அந்தக் காளையை ஒரே நாளில் தனியாளாகத் தின்று முடித்தாராம். ஒரு கந்தூரிக்கே காணும் இறைச்சி. ஊரைக் கூப்பிடாமல் தின்றவனை எங்கள் பக்கம் வீரன் என்று சொல்வதில்லை.

எங்கள் கணக்கை 1626இல் தொடங்கலாம். போர்த்துக்கேயர் மேற்குக் கரை முஸ்லிம்களைத் துரத்த, கண்டி அரசன் செனரத் அவர்களில் ஏறக்குறைய 4000 பேரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். (அதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள் கோபிக்க வேண்டாம்.) வரலாறு எழுதியவர்கள் அரசனின் பெரிய மனதைப் பார்த்தார்கள். எனக்குக் கால்கள்தான் தெரிகின்றன. மலைக்கு ஏற்றம், மலையிலிருந்து இறக்கம், தலையில் சட்டிபானை, இடுப்பில் பிள்ளை. இதைவிடப் பெரிய ‘லெக் டே’ இந்தக் கரைக்கு வாய்க்கவில்லை. வந்து சேர்ந்த இடமோ தட்டை. பாண்டிருப்பிலிருந்து நிந்தவூர் வரை தேடினாலும் மூச்சு வாங்க ஏறுவதற்கு ஒரு மேடு இல்லை. காலுக்கு அன்றைக்கே பென்சன் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல், இரண்டும் விடவில்லை.

வட்டையில் சூடடித்து முடிந்தால் நெல் மூட்டை. ஒரு புசல் 21 கிலோ. மூன்று புசல் கட்டினால் 63. அதை நிலத்திலிருந்து தூக்கினால் டெட்லிஃப்ட். முதுகில் வாங்கிக்கொண்டு எழும்பினால் ஸ்குவாட். இரண்டு கையிலும் உரப்பையைத் தொங்கவிட்டு வரம்பில் நடந்தால் ‘ஃபார்மர்ஸ் வாக்’; இப்படிப் பெயர் வைத்த விசயம் கமக்காரனுக்குத்தான் தெரியாது. போடியார் குடைக்குள் நின்று “தூக்கு, தூக்கு” என்பார். அவர்தான் அக்காலத்துக் கோச்.

சந்தையில் மூட்டை தூக்குபவர் நாட்டாமி. தமிழ்நாட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு நாட்டாமை என்றால் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்கிறவர். ஒரே சொல்தான் போலும். பாக்கு நீரிணையைக் கடக்கும்போது யாரோ அதன் முதுகில் மூட்டையை ஏற்றிவிட்டார்கள்.

கடற்கரையில் கரைவலை. குதியை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து, அம்பாப் பாட்டுக்கு ஓர் அடி, இன்னோர் அடி. கை வெறும் கொக்கி. இழுப்பது தொடையும் பிட்டமும். மருதமுனையில் நடந்தது இன்னும் அநியாயம். பெயர் கைத்தறி, நாள் முழுக்க மிதிப்பது கால். புடைவையை விரித்துப் பார்க்கிறவர் “கைவேலை நல்லா இருக்கு” என்பார். காலை ஏமாற்றும் பழக்கம் எங்களுக்கு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

காலை மதித்த ஊர்களும் இருந்தன. வட இந்திய மல்யுத்த அக்காடாக்களில் பைட்டக் என்றால் குந்தி எழும்புவது. அதில் உருவானவர் காமா பயில்வான். 1910 செப்டம்பரில் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ அவரோடு மோதினார். அந்தக் கால்களுக்கு முன்னால் நிற்பதைவிடப் படுப்பது மேல் என்று கண்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பாயோடு ஒட்டிக் கிடந்தார். அடுத்த கிழமை மறுபோட்டிக்கு ஆளே வரவில்லை. 18 வருசம் யோசித்து 1928இல் பட்டியாலாவுக்கு வந்தார். ஒரு நிமிசத்துக்குள் விசயம் முடிந்தது.

பாரமான பாரைத் தோளில் வைத்துக் குந்துவதை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் ஹென்றி ஸ்டைன்போர்ன் என்ற ஜெர்மன்காரர். முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியாவில் தடுப்பு முகாமில் கிடந்துவிட்டு, 1921இல் அமெரிக்கா போனவர். பாரைத் தாங்கும் ரேக் இல்லாத காலம். பாரின் ஒரு நுனியை நிலத்தில் ஊன்றி நிமிர்த்துவார், அதன் அருகே குந்துவார், சாய்த்துத் தோளில் வாங்கிக்கொண்டு எழும்புவார்; சுமார் 250 கிலோ. நிமிர்த்தி வைத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்து வாங்குகிற எங்கள் நாட்டாமி செய்வதும் இதே வித்தைதான். அவருக்கு ‘ஸ்டைன்போர்ன் ஸ்குவாட்’ என்று பெயர் கிடைத்தது. நாட்டாமிக்குக் கூலி கிடைத்தது, அதுவும் பின்னேரம்.

பிறகு படித்தவர்கள் வந்தார்கள். 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், முழுக்கக் குந்தினால் முழங்கால் நார்கள் தளர்ந்துபோகும் என்று சொன்னார். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் பயந்துபோய்ப் பாதிவழியில் நிறுத்திக்கொண்டார்கள். அதே வருசம் எங்கள் உம்மம்மா குந்தியிருந்து மீன் அரிந்தா, குந்தியிருந்து அடுப்பு ஊதினா, குந்தியிருந்தே ஊர்க்கதையும் பேசினா. அவவுக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் கிளைன் சொன்னதை உறுதிப்படுத்தவுமில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் போன வருசம்தான் ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தேன். உம்மாவிடம் சொன்னேன்.

“குந்தி எழும்புறதுக்கா மனெ மாசாமாசம் காசு கட்டுறாய்?”

“காலுக்குப் பலம் வேணும் உம்மா.”

“குந்துற கக்கூச ஒடச்சி கொமட் வெச்சதும் நீதானே?”

பதில் இல்லை. முதல் நாளே பக்கத்தில் நின்றவன் பார்க்கிறானே என்று டெட்லிஃப்டுக்கு 80 கிலோ போட்டேன். பெரிய தட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அது இருந்தால் பார் நிலத்திலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். நான் கோர்த்தது சின்னத் தட்டுகள். பார் கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுக்கப் போனவன் இறாலாக வளைந்தேன். மூன்று நாள் எண்ணெய்ப் பூச்சு. தொழுகைக்குப் பள்ளியில் கடைசி வரிசைக் கதிரை, அக்கம்பக்கம் எல்லாம் எழுபது வயதுக்காரர்.

அந்தக் கதிரையிலிருந்து முன்வரிசையைப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. ருகூவில் எல்லார் முதுகும் மட்டப்பலகை மாதிரி. இடுப்பு பின்னுக்குப் போகிறது, முதுகு வளையவில்லை. டெட்லிஃப்டுக்கு மாஸ்டர் தொண்டை கிழியச் சொன்னதும் இதைத்தான். ஒரு நாளைக்குப் பர்ளு மட்டும் 17 ரக்அத். சிறுவயதிலிருந்து செய்த உடம்பு, பாரைக் கண்டதும் பாடத்தை மறந்துவிட்டது.

இப்போது வெறும் பார், 20 கிலோ. ஐந்து தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். கோணாமல் வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டு. சின்னத் தட்டென்றால் கீழே பலகை வைத்து உயர்த்து. அந்தக் காலத்து மனிசர் ஜிம்முக்குப் போகாமலே இரும்பு மாதிரி இருந்தார்கள் என்று எங்கள் காக்காமார் தேத்தண்ணிக் கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். மூட்டைக்கு 20 கிலோவில் தொடங்குகிற தயவு கிடையாது. முதல் நாளே 63. எங்கள் மூத்தாப்பா ஐம்பது வயதிலேயே கூனித்தான் நடந்தார். அவருக்கு அளந்து பாரம் ஏற்ற ஒருவரும் இருக்கவில்லை. உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது.

பின்னேரம் அஸர் முடிந்து போனால் பெஞ்சுக்கு நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். ஸ்குவாட் ரேக் சும்மாதான் இருக்கும். உடுப்பு மாற்றிய பொடியன்மார் சாரன்களை அதில் கொழுவியிருப்பார்கள். எடுத்து ஆணியில் கொழுவிவிட்டுத் தொடங்குங்கள்.